வண்ணத்துப்பூச்சி வந்துபோகும் ஆஸ்பத்திரி... சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாள்!

"சிங்கப்பூர் வந்துட்டு யாராச்சும் ஆஸ்பத்திரியைச் சுத்திப் பார்க்கணும்னு கேப்பாங்களாடி? போய் செந்தோசா பாரு, சூ பாரு!"

அத்தை திட்டிக்கொண்டேதான் செருப்பை மாட்டினார். மாமாவுக்கு அன்று சர்க்கரை செக்கப். எப்படியும் போக வேண்டிய இடம்தான். "நானும் வர்றேன் அத்தை" என்று நான் ஒட்டிக்கொண்டதில்தான் அவருக்கு ஆச்சர்யம்.

செந்தோசாவையும் முஸ்தபா சென்டரையும் முதல் இரண்டு நாள்களிலேயே முடித்துவிட்டேன். மூன்றாவது நாள் நான் பார்க்க நினைத்தது, அத்தை வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் கூ டெக் புவாட் மருத்துவமனையை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் சென்னையில், எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் அம்மா.

மூன்று வருடங்களுக்கு முன்னால் தாத்தாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். 11 நாள். அந்த 11 ராத்திரியும் அம்மா படுத்தது மாடிப்படிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் பாயில். வார்டுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் உட்கார ஸ்டூல் மட்டும்தான். வெளியே வந்தால் படுக்க இடம் கிடையாது. ராத்திரி 2 மணிக்கு வாட்ச்மேன் வந்து விசில் ஊதி எழுப்புவார், தரையைக் கழுவ. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஈரம் காய்ந்ததும் மறுபடி பாயை விரிப்பார்கள். தாத்தா நன்றாகத் தேறி வீட்டுக்கு வந்தார். டாக்டர்களையோ நர்ஸுகளையோ குறை சொல்ல எங்களுக்கு எதுவும் இல்லை. ஆனால், அம்மாவுக்கு அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசனை அடித்தாலே முகம் மாறிவிடும்.

போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. "எடுத்துடலாம்மா, சின்ன ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். "ஆபரேஷனுக்கு நான் பயப்படல. எனக்காக நீ அந்தப் படிக்கட்டுல படுக்கணுமே, அதுக்குத்தான் யோசிக்கிறேன்" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான், ஊர்க்காரர்கள் பொழுதுபோக்கப் போகிற ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது என்று படித்தபோது, அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஈசூன் என்கிற ஊர்

சிங்கப்பூரின் வடக்கு ஓரம் ஈசூன். சிவப்பு நிற வடக்கு-தெற்கு எம்.ஆர்.டி பாதையில் காதிப், ஈசூன் என அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள். சுற்றுலாப் பயணிகள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. வரிசை வரிசையாக வீவக அடுக்குமாடிகள், கீழ்த்தளத்தில் காபிக்கடை, நடுவில் பள்ளிக்கூடம். அன்னாசி, ரப்பர் தோட்டங்களால் பெரும் பணக்காரரான லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான் ஊருக்கு. நீ சூன் என்பதைச் சீனத்தின் மாண்டரின் உச்சரிப்பில் சொன்னால் ஈசூன்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த ஊர் ஒரு ஜோக். "பேப்பர்ல ஏதாச்சும் விசித்திரமா நியூஸ் வந்தா, ஊர் பேரைப் பார்க்கவே வேணாம், ஈசூன்தான்" என்று சிரித்தார் மாமா. நம்மவர்களுக்கு வேறு வகையில் பழக்கமான ஊர். பக்கத்து செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளம் இருந்தபோது தமிழர்களும் மலையாளிகளும் ஏராளமாக அங்கே வேலை பார்த்தார்கள். இன்றைக்கும் ஈசூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் வரிசை கட்டும். 

அத்தை குடும்பம் மன்னார்குடி பக்கத்திலிருந்து இங்கே வந்து 30 வருடங்களுக்கு மேல் ஆகிறது. "நாங்க வந்தப்ப இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியே கிடையாது. நெஞ்சு வலின்னா டவுன் பக்கம் ஓடணும்" என்றார் அத்தை.

அந்தக் குறையைத் தீர்க்க 2010-ல் திறந்ததுதான் இந்த மருத்துவமனை. கூ டெக் புவாட் என்பவர் மலாயன் பேங்கிங்கைத் தொடங்கியவர், பெரிய ஹோட்டல் அதிபர். 2004-ல் அவர் இறந்த பிறகு, குடும்பத்தினர் 12.5 கோடி சிங்கப்பூர் டாலர் கொடுத்தார்கள். அதனால் அவர் பெயர். ஆனால் இது அரசு மருத்துவமனைதான். நம் பெரியாஸ்பத்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் எங்கே?

நாங்கள் நேராக வாசலுக்குப் போகவில்லை. "குளத்தைச் சுத்திப் போவோம், உனக்குத்தான் வேடிக்கை பார்க்கணுமே" என்று அத்தை வேறு வழியாகக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரியை ஒட்டியே ஈசூன் குளம். மழைநீரைத் தேக்குவதற்காக உருவானது. ஓரமாக நடைபாதை, சுழன்று சுழன்று ஏறும் ஒரு பார்வைக் கோபுரம், நீர்ச்செடிகள். காலை 8 மணி இருக்கும். சீனப் பாட்டிகள் நான்கைந்து பேர் கையை வீசி மெதுவாக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மலாய் தாத்தா வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். அவர் நோயாளியா, பக்கத்து பிளாக்கில் குடியிருப்பவரா என்று எனக்குத் தெரியவில்லை.

எந்த இடத்தில் குளம் முடிந்து ஆஸ்பத்திரி தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே! காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், "பாஸ் எங்கே?" என்று கை நீட்டும் ஆள், இவற்றில் ஏதாவது ஒன்று வரும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். மரங்கள் அடர்ந்தன, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்த்தால் மேலே வார்டுகள். "வந்தாச்சு" என்றார் மாமா.

இந்த மருத்துவமனை கட்டுவதற்கு முன்பே, அதன் நிர்வாகம் இந்தக் குளத்தைத் தத்தெடுத்துக்கொள்ள முன்வந்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் உள்ளிட்ட அரசு அமைப்புகளோடு சேர்ந்து, கான்கிரீட் கரையோடு இருந்த குளத்தை மக்கள் நடமாடும் இடமாக மாற்றினார்கள். குளத்துத் தண்ணீரையே தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறார்கள்.

கட்டடம் மூன்று பகுதியாக, நடுவே ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கிறது. முற்றத்தின் ஒரு பக்கம் குளத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. நம்மூர்ப் பழைய வீடுகளில் முற்றத்தில் நின்றால் எல்லா அறையும் தெரியுமே, அப்படி. என்ன, இந்த முற்றத்தில் காடு இருக்கிறது. மரங்கள் தரைத்தளத்தோடு நிற்கவில்லை. கீழே பேஸ்மென்ட்டிலிருந்தே கிளம்பி மேலே வருகின்றன. பேஸ்மென்ட் என்றால் இருட்டு, பைப்பு, பார்க்கிங் என்று நினைத்துப் பழகியவளுக்கு, பேஸ்மென்ட்டில் வெயில் விழுவதைப் பார்க்க விநோதமாக இருந்தது. மேல் மாடிகளில் ஒவ்வொரு தளத்திலும் தொட்டிச் செடிகள் தொங்குகின்றன.

இந்த மருத்துவமனையின் அப்போதைய தலைவர் லியாக் டெங் லிட். அவர் கட்டடக் கலைஞர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்பார்கள். உள்ளே வருகிறவரின் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைய வேண்டும், ஏறக் கூடாது. சி.பி.ஜி கன்சல்டன்ட்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. இந்தக் குழு அதற்கு முன்பு அலெக்சாண்ட்ரா மருத்துவமனையை நடத்திக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் கட்டிய பழைய ஆஸ்பத்திரி அது. அங்கேயே தோட்டம் போட்டு, வண்ணத்துப்பூச்சிகளை வரவழைத்துப் பழகியிருந்தார்கள். ஆக, ஈசூனுக்கு வரும்போது இவர்களுக்குச் செடி ஒரு அலங்காரப் பொருள் இல்லை.

வண்ணத்துப்பூச்சி என்றதும் அழகுக்காக என்று நினைத்தேன். அப்படி இல்லை. பூ இருந்தால் மட்டும் அது வராது. முட்டையிட, புழு தின்ன, அதற்கென்று ஒரு செடி வேண்டும். நம் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழு பார்த்திருப்பீர்கள், எருக்கஞ்செடியில் வரி வரியாகப் புழு பார்த்திருப்பீர்கள். அந்தச் செடிகளை நட்டு, புழு இலையைத் தின்றால் மருந்தடிக்காமல் விட்டால்தான் வண்ணத்துப்பூச்சி. 100 வகைகளை வரவழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, வந்துபோவதைக் கணக்கெடுத்துவருகிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியின் ரெஜிஸ்டரில் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு கணக்கு!

"இவ்ளோ தண்ணி, இவ்ளோ செடி... கொசு வராதா அத்தை?" சென்னைக்காரியால் இதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

"இங்க வீட்டுல பூந்தொட்டித் தட்டுல தண்ணி நின்னாலே ஃபைன் போடுவான். ஆஸ்பத்திரியில விடுவானா? அங்க பாரு, மீன்."

தண்ணீரில் குட்டிக் குட்டியாக மீன்கள். கொசுப் புழுவைக் கொசுவாக விடாமல் தின்னும் வேலை அவற்றுக்கு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா, ஊசி போட்ட அழுகையை நிறுத்த மீனைக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அழுவதை நிறுத்தியது. பிறகு மீன் போய்விட்டதென்று மறுபடி அழுதது.

ஏசி இல்லாதவர்களுக்குக் காற்று

மாமாவை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, நானும் அத்தையும் சுற்றினோம். நடைபாதைகள் திறந்தவெளியாகவே இருக்கின்றன. சிங்கப்பூர் கிட்டத்தட்ட பூமத்திய ரேகையில் இருக்கிற ஊர். வருடம் முழுக்க சென்னையின் ஆகஸ்ட் மாதப் புழுக்கம். ஆனாலும் அங்கே வியர்த்து வழியவில்லை.

எனக்கு இந்த மருத்துவமனையில் மிகவும் பிடித்தது இதுதான். தோட்டம்கூட இரண்டாவதுதான்.

சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் வார்டுகளுக்கு ஏ, பி1, பி2, சி என்று வகுப்புகள் உண்டு. ஏ வகுப்பில் தனி அறை, ஏசி, முழுக் கட்டணம். சி வகுப்பில் பலர் சேர்ந்து தங்கும் வார்டு, ஏசி கிடையாது. குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 80 சதவீதம் வரை அரசு மானியம். அதாவது, குறைந்த செலவில் வருபவர்களுக்கு ஏசி இல்லை. இதுவரை கேட்டால், 'வழக்கமானதுதானே' என்று தோன்றும்.

இங்கே வடிவமைத்தவர்கள் அந்த ஏசி இல்லாத வார்டுகளுக்குத்தான் அதிகம் மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரைப் பார்த்தால், ஜன்னல்களுக்கு நடுவே மீன் செதில்போல நீளமான தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் டிசைன் என்று கடந்துவிடுவோம். சுவரை உரசிக்கொண்டு போகும் காற்றை மறித்து ஜன்னலுக்குள் திருப்பிவிடுவதற்காக வைத்தவை அவை. கட்டுவதற்கு முன்பே மாதிரி செய்து, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் உள்ளே போகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மழை பெய்து ஜன்னலை மூட வேண்டி வந்தாலும், காற்று மட்டும் உள்ளே வர வழி வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தொட்டிச் செடிகள். படுத்திருப்பவர் கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காக.

பணம் கொடுத்தவருக்கு மெஷின் காற்று, மானியத்தில் வந்தவருக்குக் குளத்துக் காற்று. எது உசத்தி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மின்சாரம் மிச்சம் என்பது அரசுக்குக் கூடுதல் லாபம்.

எல்லா இடத்தையும் இப்படித் திறந்துவிடவும் முடியாது. ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் வடிகட்டிய ஏசி காற்றுதான். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த நோயாளிகளுக்கு மண்ணிலிருந்து வரும் பூஞ்சைகூட ஆபத்து. எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று பிரித்துப் போட்ட கணக்கு இது.

மாடித் தோட்டம் ஒன்று இருக்கிறது, காய்கறியும் பழமரமும் வளர்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். அன்று மேலே போக எங்களுக்கு வாய்க்கவில்லை. எதிர்ப் பக்கத்து நடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மொட்டை மாடியில் வாழை மாதிரி ஏதோ தெரிந்தது. தொப்பி போட்ட ஒருவர் குனிந்து ஏதோ பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களும் தன்னார்வலர்களும்தான் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். விளைவதில் ஒரு பகுதி ஆஸ்பத்திரி சமையலறைக்குப் போகிறது.

"எங்க பிளாக்குல ஒரு சீனக் கிழவர் இருந்தாரு. முன்னாடி கம்பத்துல தோட்டம் வெச்சிருந்தவராம். ஃப்ளாட்டுக்கு வந்ததுலேர்ந்து கை சும்மா இருக்குன்னு புலம்புவாரு. அவர் இங்கதான் வந்துக்கிட்டிருந்தாரு" என்றார் அத்தை. கம்பம் என்றால் மலாய் மொழியில் கிராமம். நோயே இல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்த மனிதர்!

பாடம் படிக்கிறவர்களும் கட்டுப் போட்டவரும்

பேஸ்மென்ட்டில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. மேஜைகள் தோட்டத்தைப் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றன. சீன நூடுல்ஸ், மலாய் சாப்பாடு எல்லாம் இருந்தது. பழுப்பரிசிச் சோறும் கிடைக்கிறது. "மாமாவுக்கு அதான். வெள்ளைச் சோறு பக்கம் திரும்புனா நான் முறைப்பேன்" என்றார் அத்தை.

பக்கத்து மேஜையில் யூனிஃபார்மோடு இரண்டு மாணவிகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காவது காத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. படிக்க வந்திருக்கிறார்கள். "வீட்டுல இடம் பத்தாது லா. இங்க காத்து வரும், சத்தம் இருக்காது. நிறையப் புள்ளைங்க வரும்" என்றார் அத்தை, சாதாரணமாக.

அவர்களுக்கு அந்தப் பக்கம், வலது கையில் பெரிய கட்டோடு ஓர் இளைஞர் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பிச் சிரித்தார். அறந்தாங்கிப் பக்கம். கட்டுமான வேலை. கையில் இரும்புச் சட்டம் விழுந்துவிட்டதாம்.

"ஊர்ல சொல்லிட்டீங்களாண்ணா?"

"இன்னும் இல்ல தங்கச்சி. சொன்னா அம்மா அழும். வீடியோ கால் வந்தா கையைக் கீழ வெச்சுக்கிட்டுப் பேசுறேன்."

அவரைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அரசு மானியம் கிடையாது. முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்குக் காப்பீடு. அவருக்கு அது இருக்கிறது, செலவைப் பற்றிக் கவலையில்லை என்றார். 

"மேல நர்ஸுங்க நல்லா பாத்துக்குறாங்க. பேசத்தான் ஆள் இல்ல. அதான் மரத்தைப் பார்த்துக்கிட்டு இங்க வந்து உக்காந்துருக்கேன்" என்றார். அத்தை தன் தட்டிலிருந்த வடையை ஒரு வார்த்தை பேசாமல் அவர் பக்கம் நகர்த்தினார். அவரும் மறுக்கவில்லை.

"அட்டெண்டர் எங்க படுப்பாங்க?"

அங்கிருந்துதான் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். முற்றம், தண்ணீர், மீன், மரங்கள் என்று போனைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். அத்தை குறுக்கே புகுந்து, "அண்ணி, பாருங்க உங்க பொண்ணை, டூருக்கு வந்து ஆஸ்பத்திரியில உக்காந்துருக்கா" என்று புகார் சொன்னார்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார், "அங்க அட்டெண்டர் எங்க படுப்பாங்க?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சிரித்தார். "இங்க அட்டெண்டர்லாம் கெடையாது அண்ணி. விசிட்டிங் டைம் முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம். துடைக்கிறது, ஊட்டுறது, டாய்லெட் கூட்டிட்டுப் போறது, எல்லாம் நர்ஸுதான். உங்க தம்பி 6 நாள் இருந்தாரு, நான் தினமும் ராத்திரி வீட்டுல வந்துதான் தூங்குனேன்."

போனில் அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

காலையிலிருந்து நான் மரத்தையும் காற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் சரியான கேள்வியைக் கேட்டார். இந்த முற்றம் அமைதியாக இருப்பதற்கு, கட்டடக் கலைஞர் மட்டும் காரணம் இல்லை. நம் ஊரில் ஒரு நோயாளிக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று கூட வருகிறோம். மருந்து வாங்க ஓடுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது, கஞ்சி வாங்கி வருவது எல்லாம் நாம்தான். சம்பளம் இல்லாத ஆஸ்பத்திரி ஊழியர்கள் நாம். ஆனால், கட்டடத்தின் வரைபடத்தில் நமக்கு என்று ஓர் இடம் போட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் மாடிப்படி, அதனால்தான் விசில்.

ஈசூனை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து சென்னையில் வைத்தாலும், ஒரே வாரத்தில் அந்த முற்றம் முழுக்கப் பாய் விரித்திருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. படுக்க வருகிற மக்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்கும் சேர்த்து வரைய வேண்டும் என்கிறேன். குளிக்க இடம், துணி காயப்போட இடம், போன் சார்ஜ் போட இடம், ராத்திரியில் யாரும் எழுப்பாத ஒரு கூடம்.

மரமும் காற்றும் நமக்குப் புதிதும் இல்லை. சென்னையின் பெரியாஸ்பத்திரி 1664-ல் கோட்டைக்குள் தொடங்கியது. நம்மூர்ப் பழைய அரசு ஆஸ்பத்திரி எதற்குள் போனாலும் உயரமான கூரை, நீள வராந்தா, வளாகத்தில் வேப்பமரமோ தூங்குமூஞ்சி மரமோ இருக்கும். உண்மையான வெயிட்டிங் ஹால் அந்த மரத்தடிதான். டிபன் கேரியர் திறப்பது அங்கே, அழுவது அங்கே, பக்கத்து பெட்காரரின் சொந்தக்காரர்களோடு பழக்கமாவதும் அங்கே. புதுக் கட்டடம் வரும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதே மரம்தான்.

ஜன்னல் வழியே ஒரு மரம்

இப்படி மரம், ஜன்னல் என்று பேசினால், 'நோய் குணமாக வேண்டியது மருந்தில்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தவள்தான். இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போது ஒரு பழைய ஆய்வு கிடைத்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. ரோஜர் உல்ரிச் என்பவர் அங்கே 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஒரே மாதிரியான அறைகள். சிலவற்றின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலவற்றுக்கு வெளியே செங்கல் சுவர். வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம் என்று ஒத்துப்போகும் நோயாளிகளை இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்தார். மொத்தம் 23 ஜோடி. மரம் தெரிந்த ஜன்னல்காரர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீரியமான வலி மாத்திரைகளும் குறைவாகவே கேட்டிருக்கிறார்கள். 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வெறும் 46 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால், அதன் பிறகு உலகம் முழுக்க ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறார்கள். சிங்கப்பூரிலேயே 2015-ல் ஜூரோங்கில் திறந்த இங் டெங் ஃபோங் மருத்துவமனையில் பொது வார்டில்கூட ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு ஜன்னல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த 46 பேருக்கும் என்ன ஆபரேஷன் தெரியுமா? பித்தப்பை.

இதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ராத்திரி 11 மணிக்குப் போன் செய்தேன். "எவனோ ஒருத்தன் ஜன்னலை எண்ணிக்கிட்டு இருந்தானாக்கும்" என்று கொட்டாவி விட்டார்.

கூ டெக் புவாட்டுக்கு 2017-ல், இயற்கையோடு இணைந்த கட்டட வடிவமைப்புக்கான ஸ்டீபன் கெல்லர்ட் விருது கிடைத்தது. அந்த விருது முதன்முதலில் தரப்பட்டதே இந்த மருத்துவமனைக்குத்தான். விருதெல்லாம் இருந்தாலும், அங்கேயும் அவசரப் பிரிவில் கூட்டம் உண்டு, படுக்கைக்குக் காத்திருப்பதும் உண்டு. பில்லைப் பார்த்துப் புலம்பாத சிங்கப்பூர்க்காரரும் இல்லை. மாமாவே அன்று டாக்டரைப் பார்க்க முக்கால் மணி நேரம் காத்திருந்தார். "ஆனா நேரம் போனதே தெரியல. ஒரு குருவியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் வெளியே வந்து. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. அத்தையின் முறைப்பும்தான்.

நீங்கள் சிங்கப்பூர் போகிறீர்கள், ஒரு காலைப்பொழுது கையில் இருக்கிறது என்றால், ஈசூன் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. குளத்தைச் சுற்றலாம், கீழே உட்கார்ந்து காபி குடிக்கலாம். வார்டுகள் பக்கம் போகாதீர்கள், நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆஸ்பத்திரி.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு நானே நேரில் போய்ப் பார்த்தேன். டாக்டர் யார், செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், கூட இருப்பவர் எங்கே படுப்பார் என்றும் கேட்டேன். முதல் இடத்தில் ரிசப்ஷனில் இருந்தவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இரண்டாவது இடத்தில், "பெட் பக்கத்துலயே மடக்குற கட்டில் தர்றோம்மா, வேணும்னா வந்து பாருங்க" என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் ஒரு புங்கமரம் நிற்கிறது.

நேற்று ராத்திரி அம்மா சீரியல் விளம்பர இடைவேளையில், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"அந்த மரம் எந்தப் பக்கத்து ரூம்ல இருந்து தெரியும்னு கேட்டியா?"

"மூணாவது மாடி, பின்பக்கம்மா."

"அப்ப அதுல ஒண்ணு சொல்லி வை. பொங்கல் கழிச்சு."